திமிங்கிலத்தின் வயிற்றில் காற்று

உடையார்கட்டுச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சின்னராசாவின் கராச் கூப்பிடு தூரம். கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது என்பது வேறு கதை. அந்த வேறு கதைதான் இது.

அவருடைய இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காது அரைநாள் வேலைக்கு வரும். உருத்திரபுரத்துப் பக்கம் குடியேற்றத் திட்டத்துக்குக் காடு வெட்டிய காலத்தில் நான்கு வருஷம் புல்டோசர் ஓட்டியவர். அந்த டோசரின் புகைக்குழாய் அவருடைய இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று பகல் முழுக்கக் கத்தியது. பாலை விழுந்தது, முதிரை விழுந்தது, கூடவே காதும் விழுந்தது. மரங்கள் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். காது விழுந்ததைக் கவனித்தவள் அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி ஒருத்திதான்.

டோசரை விட்டு இறங்கிக் கராச் போட்டபோது இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். எந்த வாகனம் வந்தாலும் சின்னராசா பொனற்றைத் திறந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு ஞானி மாதிரி நிற்பார். மூடாத கண் குசினி வாசலில் இருக்கும். அங்கே ஜெகதீஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டு நிற்பாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினால் டப்பெற் சத்தம். கொண்டையைத் தொட்டால் பேரிங். முற்றத்துக் கோழியைக் கலைத்தால் சைலன்சரில் ஓட்டை. ஒன்றும் செய்யாமல் உள்ளே போனால் எல்லாம் சுகம்.

இப்படியாகப் பரந்தன் முதல் முல்லைத்தீவு வரை அந்த ரோட்டில் "சின்னராசா அண்ணை காதாலேயே வருத்தம் கண்டுபிடிச்சிடுவார்" என்று பேர் பரவியது. யாராவது இடது பக்கம் நின்று ஏதாவது கேட்டால் அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அதற்கும் சனம் ஒரு காரணம் வைத்திருந்தது: பெரிய கெட்டிக்காரன், கொஞ்சம் தலைக்கனம். தலைக்கனம் உள்ள மெக்கானிக்கிடம் வாகனத்தை விடச் சனம் பயப்படாது. காது கேளாத மெக்கானிக்கிடம் எவன் விடுவான்? ஆகவே சின்னராசா தலைக்கனத்தை ஏற்றுக்கொண்டார். உள்ளுக்குள் அவர் வாசலில் படுத்திருக்கும் நாயையும் விலகச் சொல்லாமல் சுற்றிப்போகிற மனிதர்.

அந்த வருஷம் வைகாசியில் முல்லைத்தீவு மீராசாகிபு முதலாளியின் கார் லொறியில் கட்டி இழுபட்டு வந்து சேர்ந்தது. மீராசாகிபு கருவாடும் சோடாவும் மொத்தமாக விற்பவர். கார் அமெரிக்கக் கார், நீல நிறம். சின்னப் பாலங்களில் அது ஏறினால் பாலத்தைக் காணமுடியாது. கடற்கரைச் சனம் அதற்குத் திமிங்கிலம் என்று பேர் வைத்திருந்தது.

"வால்வு எல்லாம் கருகிப்போச்சாம். இதை நல்லாக்கித் தாங்க அண்ணை," என்றார் மீராசாகிபு. நல்ல வேளையாக வலது பக்கம் நின்றார். "என்ட ரெண்டு லொறியும் இனி உங்களிட்டத்தான்."

இரண்டு லொறி என்றால் கராச்சுக்கு ஓலை மாற்றித் தகரம் போடலாம். சின்னராசா தலையை மட்டும் அசைத்தார். தலைக்கனக்காரர் அதிகம் பேசக்கூடாது.

காரோடு வந்த புத்தகத்தை மூன்று நாள் படித்தார். இங்கிலீசு பாதி விளங்கியது, படம் முழுக்க விளங்கியது. மற்றக் கார்களில் வால்வைத் தட்டி எழுப்பும் டப்பெற்றுக்கு மேலே கடதாசித் தடிப்பில் ஓர் இடைவெளி விடவேண்டும். அதனால்தான் அவை தையல் மெசின் மாதிரி டிக்டிக்கென்று ஓடும். திமிங்கிலத்தில் அந்த இடைவெளி கிடையாது. அதன் பன்னிரண்டு டப்பெற்றும் பெருவிரல் அளவுக் குட்டிக் குடங்கள். எஞ்சின் எண்ணெயை வயிறு நிறையக் குடித்து, இடைவெளியைத் தாங்களாகவே அடைத்துக்கொள்ளும். ஆகவே சத்தமே இல்லை. ஆனால் வெறும் வயிற்றோடு பூட்டிவிட்டால் உள்ளே இருப்பது காற்று. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அமுங்கினால் டக், டக், டக். அதனால் பூட்டுவதற்கு முன்னர் ஒவ்வொன்றையும் எண்ணெய்க்குள் அமிழ்த்திப் பிடித்து, உச்சியை ஒரு கம்பியால் அமத்தி அமத்தி விடவேண்டும், குமிழி வந்து வந்து ஓயும்வரை.

சத்தமே போடக்கூடாத எஞ்சின், சத்தமே கேளாத மெக்கானிக். பத்துப் பொருத்தமும் பொருந்தியிருந்தது.

வால்வுகளை அரைத்து உட்கார்த்தி முடிந்த அன்று ஜெகதீஸ்வரி உருத்திரபுரத்துக்குப் புறப்பட்டாள். அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு.

"இஞ்சேருங்கோ, நான் புதன்கிழமை வந்திடுவன். அதுக்குள்ள இதை ஸ்ராட் பண்ணிப்போடாதேங்கோ."

"ஏன், நான் என்ன பச்சைப்பிள்ளையே?"

"பச்சைப்பிள்ளைக்குக் காது கேக்கும்."

"என்ன?"

"சோறு மூடி வைச்சிருக்கு எண்டனான்," என்று வலது பக்கம் வந்து சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. இந்தக் குட்டிக் குடங்களுக்குத் தூசி ஆகாது. ஆகவே திங்கட்கிழமை மத்தியானம் சின்னராசா குசினிக்குள் உட்கார்ந்து வேலை செய்தார். ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டி. மறுபக்கம் மீராசாகிபு கடையின் பழைய சோடாப் பெட்டி, ஒரு டசின் போத்தலுக்குப் பன்னிரண்டு அறை. ஒவ்வொரு டப்பெற்றும் தன் பழைய இடத்துக்கே போகவேண்டும் என்பதால் அறைகளுக்கு ஒன்று, இரண்டு என்று கரியால் எழுதியிருந்தார்.

இந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. குமிழியைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொன்றாக எடுத்து, அமத்தி, பொறுத்து, திரும்ப அமத்தி, ஆறு முடிந்தது. ஏழாவதைச் சட்டிக்குள் விட்டு இரண்டு அமத்துத்தான் அமத்தியிருப்பார். எண்ணெய்க்குள் தாடி வைத்த ஒரு முகம் தெரிந்தது.

சின்னராசாவின் உயிர் ஒரு சுற்றுப் போய் வந்தது. மீராசாகிபு அவருக்குப் பின்னால் குனிந்து நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, என்னென்ன கேட்டாரோ, யாருக்குத் தெரியும்? சின்னராசா ஏழாவதை வெடுக்கென்று எடுத்து ஏழாம் அறையில் வைத்து, முடிந்த வேலையை முடித்தவர் போலக் கையைத் துடைத்தார்.

"வாங்கோ முதலாளி. நீங்கள் வாற சத்தம் ரோட்டிலேயே கேட்டது."

மீராசாகிபு சந்தியில் இறங்கி, மணலில், ரப்பர்ச் செருப்போடு நடந்து வந்தவர். இருந்தாலும் இந்தக் காதைப்பற்றி ஊரில் கேள்விப்பட்டிருந்தார். மரியாதையோடு தலையசைத்தார்.

"தந்தி வந்திருக்கு அண்ணை. உம்மா வாற கப்பல் வெள்ளிக்கிழமை எண்டாங்க. இப்ப புதன் காலையிலயே கொழும்புக்கு வருதாம். மக்காவுக்குப் போய் நாலு மாசம். அவவை இந்தக் காரிலதான் கூட்டிவரவேணும். நாளைக்கு ஏலுமா?"

ஏலாது என்று சொல்லலாம். ஏன் ஏலாது என்று கேட்பார். மனைவி இல்லை என்று சொல்லமுடியுமா? மனைவிக்கும் மெக்கானிக் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்.

"காலமை வாங்கோ. கார் நிக்கும்," என்றார் சின்னராசா.

அவர் போனதும் எட்டாவதை எடுத்துச் சட்டிக்குள் விட்டார். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொன்றாகக் குமிழி ஓயும்வரை பார்த்தார். ஏழாம் அறையில் ஏழாவது எண்ணெய் பளபளக்க, மற்றவற்றைப்போலவே நல்ல பிள்ளையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் மீராசாகிபு வந்தார். கூடவே ட்றைவர் மஸாஹிர், கக்கத்தில் புதுத் தலையணை ஒன்றோடு. அது உம்மாவுக்கு, முதலாளியின் தாய்க்கு. மஸாஹிர் அதைப் பின் சீற்றில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

"முதல் பத்து நிமிசம் சத்தம் வரும்," என்று சின்னராசா புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். "எண்ணெய் ஏறவேணும். பிறகு அடங்கிடும். பயப்படாதேங்கோ."

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. பொனற் நடுங்கியது, விசிறி சுழன்றது. சின்னராசா தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணைப் பழக்கதோஷத்தில் குசினி வாசலுக்கு அனுப்பினார். அங்கே கோழி மட்டும் நின்றது. அது எதையும் இடுப்பில் செருகவில்லை.

கண்ணை மனிதர்கள் பக்கம் திருப்பினார். மஸாஹிரின் முகம் கடுகு தாளிக்கும்போது விலகி நிற்பவனின் முகமாக இருந்தது. ஆனால் அவன் சாதாரணமாகவே அப்படித்தான் இருப்பான். மீராசாகிபுவின் முகத்தில் ஒன்றையும் படிக்கமுடியாது. கருவாட்டு வியாபாரி, மணந்தாலும் நாறினாலும் அவருக்கு ஒரே முகம். உதடு மட்டும் அசைந்தது. ஓதுகிறாரா, பேசுகிறாரா? எதற்கும் இருக்கட்டும் என்று சின்னராசா மெல்லத் தலையாட்டி வைத்தார்.

ஐந்து நிமிஷம், எட்டு, பத்து. கைக்கடிகாரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பதினோராம் நிமிஷம் சின்னராசா நெஞ்சை நிமிர்த்தி, "எப்பிடி? பூனை மாதிரி இல்லையோ?" என்றார்.

மஸாஹிர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தலையணையைப் பார்த்தார். பிறகு காரின் கதவைத் திறக்க வந்தவர், தற்செயலாக வலது பக்கம் நின்று சொன்னார்: "நீங்க சொன்னாச் சரிதான் அண்ணை. எங்களுக்கு என்ன தெரியும்?"

ஏறி உட்கார்ந்தும்விட்டார்.

பூனை மாதிரி ஓடும் காரில் ஏறுகிறவன் "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லமாட்டான். "அல்ஹம்துலில்லாஹ்" என்பான். இந்த மனிதர் தன்னுடைய இரண்டு நல்ல காதுகளையும் நம்பாமல், சின்னராசாவின் ஒன்றரைச் செத்த காதை நம்பி ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளங்கையை எஞ்சின் மேல்மூடியில் வைத்துப் பார்த்தார். எஞ்சின் முழுக்க நடுங்கும் நடுக்கத்துக்குள் இன்னொன்று, நுளம்பு வந்து முட்டுவது போல. இருக்கிறதா, மனப்பிரமையா?

அப்படியே விட்டுவிடலாம். கார் ஓடும். கொழும்புக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். லொறி இரண்டும் கராச்சுக்கு வரும், தகரக் கூரை வரும், காதின் பேர் நிலைக்கும். திரும்பி வரும் வழியில் நின்றுவிட்டால், மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் நடுவில், யானை கடக்கும் இடத்தில், மக்காவிலிருந்து வந்த ஒரு கிழவி புதுத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. ஆனால் அதைத் தனியே இருக்கும்போது மட்டும்தான் செய்வார். ஜெகதீஸ்வரியைத் தவிர யாரும் அதைக் கண்டதில்லை.

"மஸாஹிர், நிப்பாட்டு," என்றார்.

மேல்மூடியைக் கழற்றினார். வால்வுகளை அமத்தும் பன்னிரண்டு ராக்கர்களும், டப்பெற்றுக்கு ஒன்றாய், வரிசையாக, எண்ணெய் பூசிய கொக்குகள் மாதிரித் தலை குனிந்து நின்றன. பெரிய ஸ்குறூட்றைவரை எடுத்தார், மரக் கைப்பிடி போட்டது.

"இப்ப திரும்ப ஸ்ராட் பண்ணு. மெதுவா ஓடட்டும்."

எஞ்சின் ஓடத் தொடங்கியதும், சின்னராசா கைப்பிடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, நுனியை முதலாவது ராக்கரின் மேல் வைத்தார். காது கேட்க மறுப்பதைப் பல்லும் தாடை எலும்பும் கொஞ்சம் கேட்கும். டோசர் காலத்தின் கடைசியில் அவராகக் கண்டுபிடித்தது. எண்ணெய் முகத்தில் தெறித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு, மூன்று என்று நகர்ந்தார்.

மஸாஹிர் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "முதலாளி! அண்ணை காரைக் கடிக்கிறார்!"

அது சின்னராசாவுக்குக் கேட்கவில்லை. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், பல தடவை சொல்லித் தெரியும்.

ஆறு வரைக்கும் வெயிலில் கிடந்த கல்லைக் கடித்தது போல ஓர் ஒழுங்கான சூடும் நடுக்கமும். ஏழாவதில் நுனியை வைத்ததும் பல்லில் சுத்தியலால் தட்டியது. டக், டக், டக். கடைவாய் வரைக்கும் போனது.

ஏழு. எண்ணெய்க்குள் தெரிந்த தாடி. ரோட்டிலேயே கேட்டது என்று சொன்ன பொய். சின்னராசா ஸ்குறூட்றைவரைக் கடித்தபடியே ஒரு கணம் நின்றார். காது கேளாதது எஞ்சினைப் பழுதாக்கவில்லை. கேட்டது என்று காட்டிக்கொள்ளப் போன அவசரம்தான் ஒரு குடத்தின் வயிற்றில் காற்றை விட்டு வைத்தது.

பிறகு எல்லாம் கைவேலை. ராக்கர் வரிசையைத் தளர்த்தி, பக்கமூடியைக் கழற்றி, ஏழாவதை வெளியே எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். மீராசாகிபுவும் பின்னாலேயே வந்து, சாறத்தை ஒதுக்கிக்கொண்டு சட்டிக்கு முன்னால் குந்தினார். சின்னராசா அமத்தினார். குமிழி வந்தது. அமத்த அமத்த வந்துகொண்டே இருந்தது. மீராசாகிபு ஒவ்வொன்றுக்கும் விரல் மடித்தார். கடைசிக் குமிழி ஒன்று வெளியே வருவதா விடுவதா என்று விளிம்பில் யோசித்து நின்றது. இருவரும் மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். அதுவும் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் சின்னராசா பத்துத் தரம் அமத்தினார்.

திரும்பப் பூட்டி ஸ்ராட் செய்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மறுபடியும் கைப்பிடியைக் கடித்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை போய், பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை வந்தார். பல்லுக்கு எல்லாம் அமைதி. ஆனால் உம்மாவின் பயணத்துக்குப் பல்லின் சொல் மட்டும் போதுமா?

அவர் நிமிர்ந்தார். கராச் போட்ட நாளிலிருந்து வாகனம் கொண்டு வந்த எவரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"முதலாளி, சத்தம் ஏதும் கேக்குதோ?"

மீராசாகிபு ஏதோ சொன்னார். தாடிக்குள் உதடு அசைந்தது. அவர் நின்றது இடது பக்கம்.

தலையாட்டலாம். "ஓம்" என்று சொல்லி மேல்மூடியைப் பூட்டலாம். இத்தனை காலமும் செய்ததுதானே?

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கோ முதலாளி," என்றார் சின்னராசா. "அந்தக் காது செத்துப்போச்சு. இது அரைவாசி."

திமிங்கிலத்தின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். மீராசாகிபு நடந்து வந்தார், சின்னராசாவின் கண்ணுக்கு முன்னால் முதலாவது லொறி போனது. பிறகு இரண்டாவது லொறி. பிறகு தகரக் கூரை, தகரம் தகரமாகக் கழன்று காற்றில் போனது. மீராசாகிபு வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஒரு சத்தமும் இல்ல. காத்துச் சத்தம் மட்டும்தான்."

சின்னராசா மூச்சு விட்டார். மீராசாகிபு விலகவில்லை.

"மூண்டு வருசமா உங்களக் காணுற இடமெல்லாம் சுகமா எண்டு கேக்கிறன். ஒரு நாள் திரும்பிப் பாத்ததில்ல. பெருமை பிடிச்ச மனிசன் எண்டு வீட்டில எவ்வளவு ஏசியிருப்பன் தெரியுமா?"

"எந்தப் பக்கம் நிண்டு கேட்டனீங்கள்?"

"உங்களுக்குப் பக்கம் இருக்கெண்டு எனக்கெப்பிடி அண்ணை தெரியும்?"

அந்த வியாபாரி முகம் முதல் தடவையாக உடைந்தது. சிரித்தார். சின்னராசா மேல்மூடியைப் பூட்டியதும் சிரித்துக்கொண்டே ஏறினார். கார் சந்தியில் திரும்பி மறையும்வரை சின்னராசா பார்த்துக்கொண்டு நின்றார். லொறிகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் போனது, பெற்றோல் புகை கலைந்த பிறகுதான் உறைத்தது.

புதன்கிழமை ஜெகதீஸ்வரி வந்தாள். பலகாரப் பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"கடிச்சனீங்களோ? ஆக்களுக்கு முன்னால?"

"ஓம்."

அவள் கராச்சுக்கு நடந்தாள். போய் அந்த ஸ்குறூட்றைவரை எடுத்து வந்தாள். கைப்பிடியில் சாம்பல் போட்டு, தும்பால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு முந்தானையால் துடைத்து, "வாயில வைக்கிற சாமான், உப்பிடியே வைச்சிருக்கிறது?" என்றாள். குரல் சரியில்லை. அது அவருக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

வியாழக்கிழமைக்குள் சேதி ரோட்டு முழுக்கப் பரவிவிட்டது. போகிற வழியெல்லாம் ரயருக்குக் காற்றடித்த இடத்திலும் தேத்தண்ணி குடித்த இடத்திலும் மஸாஹிர் அதை நடித்துக் காட்டியிருந்தான். சைக்கிளுக்கு எண்ணெய் விட வந்த கனகலிங்கம் படலையில் நின்றே தொண்டை கிழியக் கத்தினான். வாகனமே இல்லாத இரண்டு பேர் கத்திப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். கோழி வேலிக்கு அப்பால் குடிபெயர்ந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் திமிங்கிலம் வந்து நின்றது. பின் சீற்றில் ஜொஹறா உம்மா, வெள்ளை முக்காட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தார். மீராசாகிபு இறங்கினார், நேராக வலது பக்கம் வந்தார்.

"ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க அண்ணை. இல்ல... கடிச்சுச் சொல்லுங்க."

பொனற் திறந்தது. எஞ்சின் ஓடியது. சின்னராசாவின் கண் குசினி வாசலுக்குப் போனது. ஜெகதீஸ்வரி சுளகோடு நின்றாள். பழக்கத்தில் கை எழும்பி, முதலாளி பார்ப்பதைக் கண்டு பாதியில் நின்றது.

"அங்கை நிண்டு கையை ஆட்டாதை," என்று சின்னராசா கூப்பிட்டார். "இஞ்ச வந்து வாயால சொல்லு."

அவள் சுளகை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொனற்றுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு கண்ணையும் உண்மையாகவே மூடினாள். மஸாஹிர் மூச்சை அடக்கினான்.

"எஞ்சின் நல்லா இருக்கு," என்றாள். "பின்கதவுப் பிணைச்சல்தான் கீச்சிட்டு அழுகுது. வரேக்கையே கேட்டது. அம்மா ஏறி இறங்க அது இழுக்கும்."

"என்னவாம்?" என்றார் சின்னராசா.

மீராசாகிபு வலது பக்கமும் மஸாஹிர் இடது பக்கமும் நின்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஜொஹறா உம்மா திடுக்கிட்டுத் தலையணையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை ஒரு லொறியை அனுப்புறன்," என்றார் மீராசாகிபு, இப்போது மெல்ல, சரியான காதுக்குள். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தவளைக் காட்டினார். "அண்டைக்கு அவ வீட்டில நிக்கவேணும்."

"நிப்பா," என்றார் சின்னராசா.

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனார். பிணைச்சலுக்கு இரண்டு துளி விட்டு, கதவை மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே முக்காடு அசைந்தது. ஜொஹறா உம்மா ஏதோ கேட்கிறார். இடது பக்கம்.

சின்னராசா குப்பியைக் கீழே வைத்தார். திறந்த கதவைச் சுற்றி வந்து, குனிந்து, வலது காதைக் காட்டினார்.

"இப்ப சொல்லுங்கோ, உம்மா."